32 மாதங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. எனக்கு 52 வயது, கணவருக்கு 58. கல்யாணம் முடிந்து நாலாவது மாதம் சவுதிக்குப் போனவர், 28 வருடம் கழித்து, ஒன்பது மாதத்துக்கு முன்னால் மொத்தமாக ஊருக்கு வந்துவிட்டார். அதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. வீடு கட்டியது, ஒரு ஏக்கரில் ரப்பர் நட்டது, மகளைக் கட்டிக் கொடுத்தது, மகனைப் படிக்கவைத்து பெங்களூருக்கு அனுப்பியது எல்லாம் நான்தான் நின்று பார்த்தேன்.

இப்போது எதற்கெடுத்தாலும் "நீ சும்மா இரி, நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். அடுக்களையில் டப்பாக்களை இடம் மாற்றுகிறார். மீன்கறி வைத்தால் எட்டுப் பேருக்கு வைக்கிறார், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். போன வாரம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அண்ணன் கணக்குக்கு வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் போனோம். அந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். இவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு போனில் அரைமணி நேரம் பேசியவர், இப்போது அந்த நேரத்தில் டிவி பார்க்கிறார். எங்களுக்குள் பாசம் குறைந்துவிட்டதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் நாலு மாதம், அப்புறம் 14 லீவு, ஒவ்வொன்றும் இரண்டு மாதம். மொத்தம் 32 மாதங்கள். கல்யாணமாகி 29 வருடம் ஆன நீங்கள் இருவரும், அவர் திரும்பி வந்த அன்று வரை, ஒரே கூரைக்குக் கீழே இருந்தது மூன்று வருடம்கூட இல்லை. அந்த லீவு நாட்களிலும் பாதி, உறவுக்காரர் வீடுகளுக்குக் கோடாலித் தைலமும் சோப்பும் கொடுக்கப் போனதில் கழிந்திருக்கும். பாசம் குறைந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். நீங்கள் இருவரும் இன்னும் பழகியே முடிக்கவில்லை, தங்கை.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். ஆறாவது, இளம் வயதில் இன்னொருவரோடு மனம் நெருங்கும் கட்டம். ஏழாவது நடுவயது, அடுத்த தலைமுறைக்காக எதையாவது உண்டாக்கி வளர்க்கும் காலம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய நம் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஆறாவதை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு நேரே ஏழாவதற்குப் போனவர்கள் நாம். வீடு எழுந்தது, பிள்ளைகள் கரையேறினார்கள். நிறுத்திவைத்தது மட்டும் அங்கேயே கிடக்கிறது. 58 வயதில் அதைத் தொடங்குவது சிரமம்தான். ஆனால் அது தோல்வி இல்லை.

1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 43 வாழ்க்கை மாற்றங்களை எடுத்து, ஒவ்வொன்றும் மனிதரை எவ்வளவு உலுக்கும் என்று மதிப்பெண் போட்டார்கள். பணி ஓய்வுக்கு 45. பிரிந்த கணவன் மனைவி மறுபடி சேர்வதற்கும் அதே 45. நல்ல மாற்றமும் ஆளை உலுக்கும் என்பதை அந்தப் பட்டியல் ஒத்துக்கொள்கிறது. அமெரிக்கக் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த வேண்டாம். ஆனாலும் உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நாளில், ஒரே விமானத்தில் வந்து இறங்கியிருக்கின்றன.

என் சித்தப்பா 1990இல் குவைத் போர் சமயத்தில் திரும்பி வந்தவர். சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்துவார், துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி அதே பெட்டிக்குள் வைப்பார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே நடந்தது. மறுபடி போகும் நினைப்பில் இருக்கிறார் என்றுதான் சித்தி எண்ணி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். பீரோவின் நாலு தட்டிலும் சித்தி துணியும் பிள்ளைகள் துணியும்தான் இருந்தன என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் சித்தி நடுத்தட்டைக் காலிசெய்து வைத்தாள். அன்று சாயங்காலமே பெட்டி பரணுக்குப் போனது.

உங்கள் வீட்டுக்காரர் டப்பாவை இடம் மாற்றுவதும் தனக்கு ஒரு இடம் தேடித்தான் என்று நினைக்கிறேன். அதற்காக நீங்கள் கட்டி நடத்தியதையெல்லாம் அவர் கையில் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. ரப்பர் நட்டு வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும். முதன்முதலாகச் சிரட்டையில் பால் விழுந்ததை நீங்கள்தான் பார்த்திருப்பீர்கள். அந்த அறிவு உங்களுடையது. "சும்மா இரி" என்று சொன்னால் சும்மா இருக்காதீர்கள். அடுத்த முறை கணக்குப் பார்க்கும்போது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நோட்டை வாசித்துக் காட்டுங்கள். எந்த மரம் பட்டை காய்ந்து போயிற்று, எந்த மழையில் எத்தனை நாள் வெட்டு நின்றது என்று சொல்லுங்கள். அவர் உங்களுக்கு அனுப்பிய பணம் என்னவாக வளர்ந்தது என்பதை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

ஒன்பது மணியை டிவிக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து பேச அவருக்குப் பழக்கமில்லை, உங்களுக்கும்தான். விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். போனில் பேசியதுபோலக் குரல் மட்டும் இருந்தால் இரண்டு பேருக்கும் எளிதாக இருக்கும்.

அந்த எட்டுப் பேருக்கான மீன்கறி. ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கி முறைவைத்துச் சமைத்த கை அது என்று நினைக்கிறேன். அந்த எட்டுப் பேர் யார், எந்த ஊர், அவர் காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்களில் யார் என்று கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்