அம்மை கண்ட வீட்டுக்கு யார் போவது?

கேள்வி: வலங்கைமான் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் மகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் 3 வாரத்தில் 11 பிள்ளைகளுக்குச் சின்னம்மை. கொப்புளம் காயும் முன்பே ஒரு தாய் மகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார் என்று எல்லாருக்கும் கோபம். அம்மை கண்ட வீடுகளின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நான் என்ன செய்வது?

பதில்: போடாதீர்கள், அம்மா. பெயர் வெளியே வந்தால் அடுத்த வீடு மறைக்கத்தான் செய்யும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இது தொற்ற ஆரம்பித்துவிடுகிறது. தொற்றிய பிள்ளைக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். யாரால் யாருக்கு வந்தது என்று எப்படி விரல் நீட்டுவது?

அந்தத் தாய் ஏன் அனுப்பினார் என்று யாராவது கேட்டீர்களா? இது உளுந்து, பயறு பறிக்கிற நேரம். பிள்ளையோடு வீட்டில் இருந்தால் அன்றையக் கூலி போச்சு. பள்ளியில் கிடைக்கும் மதியச் சாப்பாடும் முட்டையும் போச்சு. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை, ஏறக்குறைய ஒரு வாரம், பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தை அவரால் தாங்க முடியவில்லை. அதைத் தாங்கிக் கொடுப்பதுதான் உங்கள் குழுவின் வேலை.

அம்மை வார்த்த வீட்டுக்குள் போகக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டுப்பாடு. தொற்று பரவாமல் அது எத்தனையோ பிள்ளைகளைக் காத்திருக்கும். ஆனால் அரிசி, பருப்பு, மோர், இளநீரைத் திண்ணையில் வைத்துவிட்டு வரலாமே. சின்ன வயதில் அம்மை வந்தவர்கள் யார் யார் என்று தாய்மார்களிடம் கேளுங்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் மறுபடி வராது, அவர்களே போகட்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் வேண்டாம். பள்ளியில் கர்ப்பமாக இருக்கும் ஆசிரியை யாருக்காவது இதுவரை அம்மை வந்ததில்லை என்றால், இன்றே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, முட்டை கொடுத்தார்கள். அதை நினைவுபடுத்தி, இப்போது ஏதாவது வழி உண்டா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அவர் தகவல் சொல்லியாக வேண்டும். தட்டம்மையையும் நாம் அம்மை என்றே சொல்கிறோம். அது வேறு நோய், எது என்று மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வேப்பிலையும் மாரியம்மனும் இருக்கட்டும். பங்குனியில் வலங்கைமான் பாடைக்காவடியைப் பார்த்து வளர்ந்தவள் நான், அந்த நம்பிக்கையைத் தொட மாட்டேன். ஆனால் அம்மைக்கு மருந்தே கூடாது என்று காத்திருப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. மூச்சுத் திணறல், 4 நாள் தாண்டியும் காய்ச்சல், எழுப்பினாலும் தெளியாத மயக்கம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சீழ் கோத்தல், இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108ஐக் கூப்பிடலாம். காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

சரி, வாட்ஸ்அப்பில் ஏதாவது போட்டே ஆக வேண்டுமென்றால் இதைப் போடுங்கள்: “அம்மை கண்ட பிள்ளைகள் நன்றாகக் காயும் வரை வீட்டில் இருக்கட்டும். சாப்பாட்டுச் சாமான் வாசலுக்கு வரும். விட்டுப்போன பாடத்தை ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள்.” ஆசிரியர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போடுங்கள்.

அப்புறம், உங்களுக்கு ஏற்கெனவே அம்மை வந்திருந்தால், அந்தத் தாய் வீட்டுக்கு முதலில் நீங்களே போங்கள். பள்ளிக்கு அனுப்பிய பேச்சை எடுக்க வேண்டாம். பிள்ளை சாப்பிட்டானா என்று கேளுங்கள்.