காரைத் தாழ்த்திய பின் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது ஏன்?

குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தியபின் முன் டயர்களின் உள்விளிம்பு விரைவாகத் தேய்கிறது, கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரச் சாய்வைச் சரிசெய்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

கார் தாழும்போது சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்வதால் கேம்பர் பெரும்பாலும் எதிர்மறைப் பக்கம் நகர்கிறது. அதோடு, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கையும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் வெவ்வேறு வளைவுகளில் அசைவதால் டோ அளவும், அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவும், மாறிவிடுகிறது. டயரை அதிகம் தின்பது இந்த டோதான் என்பது என் உறுதியான கருத்து. உள்ளங்கையை டயரின் குறுக்கே இருபுறமும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்போலவும் உறுத்தினால் டோ தவறியிருக்கிறது.

சில நாள் ஓட்டி ஸ்பிரிங் படிந்தபின் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்) செய்யுங்கள். அதற்கு முன், கீழ்க்கையின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் எடை தாங்கி நிற்கும் நிலையில் முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து கிழிந்துவிடும். பலரும் தவறவிடுவது இதைத்தான். பின் சக்கரங்களை முதலில் சரிசெய்து, முன்புறத்தில் காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கையில் ஸ்டியரிங் அச்சின் சாய்வு), கேம்பர் இரண்டையும் முடித்து, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டியபின் இறுதியில் டோவை அமைக்க வேண்டும், ஏனெனில் கேம்பரைத் தொட்டால் டோவும் நகரும். கேம்பரைச் சரிசெய்ய இடமில்லாத கார்களுக்கு, அந்தச் சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் தேவைப்படும்.