செர்காசியா? கீவா?: ஷெவ்சென்கோவின் பிறந்த ஊர்க் குழப்பம்

வணக்கம் நண்பரே. உக்ரைனின் செர்காசி மாகாணத்தில் பிறந்தவர்களைப் பட்டியலிடும்போது, உக்ரைனியக் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோவை ஒரு நூல் கீவ் மாகாணத்தவர் என்றும் இன்னொன்று செர்காசிக்காரர் என்றும் சொல்வதாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். அவர் 1814இல் மோரின்ட்சி கிராமத்தில் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தார். அது அன்று ரஷ்யப் பேரரசின் கீவ் மாகாணத்தில் இருந்தது. செர்காசி மாகாணமோ 1954இல்தான் உருவானது. "மோரின்ட்சி, இன்றைய செர்காசி மாகாணம்" என்று எழுதிவிடுங்கள்.

அவரைக் கவிஞர் என்று மட்டும் குறிக்காதீர்கள், ஓவியரும்கூட. 1838இல் அவரைப் பண்ணையடிமை நிலையிலிருந்து விடுவிக்க 2,500 ரூபிள் தேவைப்பட்டது. ஓவியர் பிரியுலோவ் வரைந்த ஒரு உருவப்படத்தைக் குலுக்கலில் விட்டுத்தான் அதைத் திரட்டினார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழும் இடம் அது.

அப்புறம், போலந்து இசையமைப்பாளர் கரோல் ஷிமனோவ்ஸ்கியை விட்டுவிடாதீர்கள். 1882இல் அவர் பிறந்த திமோஷிவ்கா இன்று செர்காசியில்தான் இருக்கிறது. நாவலாசிரியர் இவான் நெச்சுய்-லெவித்ஸ்கியும் அங்கே ஸ்தெப்லிவில் பிறந்தவர்தான்.

கவிஞர் வசீல் சிமோனென்கோவை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அவர் செர்காசியில் வாழ்ந்து 1963இல் அங்கேயே இறந்தவர், ஆனால் பிறந்தது பொல்தாவா பகுதியில்.