பாய்லர் கண்ணாடியில் தண்ணீர் மெதுவாக ஏறினால்

தம்பி, தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை ஆலையில், ஷிப்ட் தொடக்கச் சோதனையில் பாய்லர் நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் மெதுவாக ஏறுகிறது, பரவாயில்லையா என்று கேட்டிருந்தீர்கள். விட்டுவிடாதீர்கள். பாய்லரிலிருந்து கண்ணாடிக்குத் தண்ணீர் வரும் கீழ்க்குழாய் சேறு பிடித்து அடைபட்டிருக்கலாம். அப்போது நீராவி குளிர்ந்து கண்ணாடியை நிரப்பும். உள்ளே தண்ணீர் வற்றினாலும் மட்டம் உயரமாகவே தெரியும்.

முகத்தை விலக்கி நின்று கண்ணாடியின் வடிகாலைத் திறங்கள். நீர் வால்வை மூடினால் நீராவி சீறி வரணும். பிறகு நீராவியை மூடி நீரைத் திறங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்புதான். இரண்டாவது கண்ணாடியும் சந்தேகமாக இருந்தால் தீயை நிறுத்துங்கள், தண்ணீர் ஏற்றாதீர்கள், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

சோதனை முடிந்ததும் வடிகாலை மூடி, மற்ற இரண்டு வால்வும் திறந்திருக்கிறதா என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். 1979-ல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தின்போது, திறந்திருக்க வேண்டிய துணை நீர் வால்வுகள் மூடியே கிடந்தன.