ஹாலோவீன் புத்தகமும் நான்கு வயதுப் பயமும்

வணக்கம்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு இரண்டு. அக்டோபர் பிறந்ததும் மகளின் பள்ளியில், மாதக் கடைசியில் பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பற்றிய பேச்சுதான். நூலகத்திலிருந்து அள்ளிவந்த படப்புத்தகங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தனியாகப் படுக்கவே மாட்டேன் என்கிறாள். இந்த வயதுக்கு இந்தப் புத்தகங்களே வேண்டாம் என்கிறார் என் கணவர். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வி.

அன்புள்ள வி.,

ஒதுக்கிவைக்க வேண்டாம். எலும்புக்கூடும் சிலந்திவலையும் எப்படியும் பக்கத்து வீட்டு வாசலில் தொங்கத்தான் போகின்றன. முதலில் உங்கள் மடியில் உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. ஆனால் அட்டையில் பேய் சிரிக்கிறதா, முறைக்கிறதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பயம் யார் கையால் முடிகிறது என்று பாருங்கள். விரட்டுகிற வேலை குழந்தைக்குக் கிடைத்தால், படம் கொஞ்சம் கோரமாக இருந்தாலும் தாங்கிக்கொள்வாள்.

எட் எம்பர்லியின் ‘கோ அவே, பிக் கிரீன் மான்ஸ்டர்!’ (1992) ஹாலோவீனுக்கென்று எழுதியதல்ல. ஆனாலும் அதிலிருந்து தொடங்குங்கள். தாளில் ஓட்டை வெட்டிய புத்தகம் அது. முதலில் இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும். பக்கம் திருப்பத் திருப்ப மூக்கு, பல் நிறைந்த வாய், காது, முடி என்று சேர்ந்து பச்சை முகம் முழுதாகிறது. அதன்பின் ஒவ்வொன்றாகப் போகச் சொல்ல, ஒவ்வொன்றாக மறைகிறது. பக்கத்தை அவளே திருப்பட்டும். “போ!” என்பதையும் அவளே சொல்லட்டும். நீங்கள் திருப்பினால் புத்தகத்தின் பாதிப் பலன் போய்விடும்.

அடுத்து லிண்டா வில்லியம்ஸ் எழுதிய ‘தி லிட்டில் ஓல்ட் லேடி ஹூ வாஸ் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் எனிதிங்’ (1986). காட்டு வழியே வீடு திரும்பும் பாட்டியை இரண்டு ஷூக்கள் பின்தொடர்கின்றன. பிறகு கால்சட்டை, சட்டை, கையுறை, தொப்பி, கடைசியில் பூசணித் தலை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசை, ஓர் அசைவு. எழுந்து நின்று படிக்க வேண்டிய புத்தகம் இது. ஷூவுக்கு ‘டொக் டொக்’ என்று காலைத் தட்டச் சொல்லுங்கள். ஓசைகளைத் தமிழிலேயே வைத்துக்கொண்டால் குழந்தை இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். உடம்பு வேலை செய்யும்போது பயம் உள்ளே தேங்குவதில்லை. முடிவும் நேர்த்தியானது. துரத்தி வந்தவை எல்லாம் சேர்ந்து தோட்டத்துச் சோளக்கொல்லைப் பொம்மையாகிவிடுகின்றன.

‘க்ரீப்பி கேரட்ஸ்!’ (2012) அருமையான புத்தகம்தான், ஆனால் ஆறு வயதுக்குத் தள்ளிவையுங்கள். கேரட்டுகள் தன்னைத் துரத்துவதாகப் பயந்த முயல், அவை வெளியே வராதபடி கேரட் தோட்டத்தைச் சுற்றி வேலி போடுகிறது. முயல் உள்ளே வந்து தின்ன முடியாதே என்று அதைத்தான் கேரட்டுகளும் விரும்பின என்பது கடைசிப் பக்கத்தின் வேடிக்கை. இரண்டு பக்கத்து எண்ணத்தையும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் சிரிப்பு வரும். நான்கு வயதுக்கு மனதில் நிற்பது இருட்டில் முறைக்கும் கேரட் மட்டுமே.

முகமூடிப் படங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ரீட்டா டிவ்ரீஸ் 1969-ல் வெளியிட்ட ஆய்வில், பழகிய பூனைக்கு நாய் முகமூடி போட்டுக் காட்டினார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் அது நாயாகவே மாறிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் ஏமாறவில்லை. அதனால் வேடம் போடுவதையும் கழற்றுவதையும் இரண்டையும் காட்டுகிற புத்தகமாகப் பாருங்கள். கழற்றும் படம் இல்லாவிட்டால், வீட்டில் நீங்களே ஒரு முகமூடியை அவள் கண் முன்னால் மாட்டிக் கழற்றிக் காட்டுங்கள். பிறகு அவள் கையில் கொடுங்கள்.

சின்னவனுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் போதும்: பக்கத்துக்கு ஒரு வரி, பூசணியும் ஆந்தையும். தூக்கிப் பார்க்கும் மடிப்புகள் உள்ளதென்றால் நூலகப் பிரதியை அங்கேயே சரிபாருங்கள். பெரும்பாலும் பாதி மடிப்பு கிழிந்திருக்கும்; ஒளிந்திருப்பது முன்பே தெரிந்துவிட்டால் விளையாட்டே இல்லை. டிவி பாத்திரங்களுக்கு சூனியக்காரித் தொப்பி மாட்டிவிட்ட புத்தகங்களை நான் எடுக்கமாட்டேன். பெரும்பாலானவற்றில் தொப்பிதான் இருக்கும், கதை இருக்காது.

புதிய புத்தகத்தை முதல் தடவை பகலில் படியுங்கள். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை தனியாகப் புரட்டி, எந்தப் பக்கம் திரும்பும்போது திடுக்கிடும் என்று பார்த்து வையுங்கள். அங்கே வந்ததும் நிறுத்தி, “அடுத்தது யார் வருவாங்க?” என்று கேளுங்கள். அவள் புத்தகத்தை மூடினால் மூடட்டும், “இதுக்குப் போயா பயம்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே பயமுறுத்திய அந்தப் புத்தகத்தை ஒளித்து வைத்தால் அது வீட்டுக்குள் எங்கோ இருப்பதாகத்தான் தோன்றும். அவளையே நூலகத்தின் திருப்பிக் கொடுக்கும் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

சோறு ஊட்டும்போது பூச்சாண்டியைக் கூப்பிடும் வழக்கம் வீட்டில் இருந்தால், இந்த மாதமாவது நிறுத்திவையுங்கள். மடியில் விரட்டிய பேயைச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்ப அழைத்தால் அத்தனை வாசிப்பும் வீண்.

அடுத்த ஆண்டுக்கு: செப்டம்பரிலேயே நூலகத் தளத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். அக்டோபர் பாதியில் போனால் நல்லவை எல்லாம் யாரோ எடுத்துப் போயிருப்பார்கள்.