கடல்மீன் தொட்டியில் வெள்ளைப்புள்ளி: எதற்குப் பணம் கொடுப்பது?

கேள்வி: வீட்டில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல டேங், இரண்டு இறால்கள், இறக்குமதிப் பவளத் துண்டுகள் சில. டேங் மீனை வாங்கி வந்த பத்தாம் நாள் அதன் உடம்பெங்கும் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. கடையில் 'ரீஃப் சேஃப்' (பவளத்துக்குத் தீங்கில்லாதது) என்று எழுதிய மருந்து கொடுத்தார்கள். நான்கு நாளில் புள்ளிகள் மறைந்தன. மூன்று வாரம் கழித்து முன்பைவிட அதிகமாக வந்துவிட்டன. இன்னொரு பாட்டில் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதல் பாட்டிலும் மீனைக் குணப்படுத்தவில்லை. புள்ளிகள் தாமாகவே உதிர்ந்தன.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியுடையவை. அது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று வளரும். அந்த நிலையில்தான் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பிறகு உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கண்ணாடியிலும் கூடு கட்டிக்கொள்ளும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நீந்தும் குஞ்சுகள் வெளிவரும். அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். மீன் சுத்தமாகத் தெரிந்த அந்த மூன்று வாரமும் உங்கள் மணலில் அடுத்த படை தயாராகிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டிலை ஊற்றியிருந்தாலும் நான்கு நாளில் புள்ளி மறைந்திருக்கும். இத்தகைய மருந்துகள் தொடர்ந்து விற்பதற்கு இதுவே காரணம்.

தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதை எட்டாது; நீந்தும் நிலையில் மட்டுமே கொல்ல முடியும். அந்த நிலையில் உறுதியாகக் கொல்வது செம்பு (காப்பர்) கலந்த மருந்து. ஆனால் செம்பு இறாலையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும். பாறையும் மணலும் அதை உறிஞ்சிவைத்துப் பின்னால் கசியவிடும். ஆகவே பவளமுள்ள தொட்டியில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். எல்லா மீன்களையும், நன்றாக இருப்பதாகத் தெரிகிறவற்றையும் சேர்த்து, தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். முதன்மைத் தொட்டியில் 76 நாளுக்கு ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. ஆய்வகத்தில் சில கூடுகள் 72 நாள் கழித்தும் குஞ்சு பொரித்ததுண்டு. அதனால்தான் இந்தக் கணக்கு. இறாலும் பவளமும் அங்கேயே இருக்கலாம். "ஒரே ஒரு கோமாளி மீன்தானே, பிடிக்க முடியவில்லை" என்று விட்டுவைத்தால் 76 நாளும் வீண்.

உங்கள் பணம் போக வேண்டிய இடம் தனித் தொட்டிதான். கண்ணாடித் தொட்டி தேவையில்லை. 80 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி போதும். ஒரு ஹீட்டர், காற்றுப் பம்ப், பழைய தொட்டியின் சம்பில் (அடியில் இருக்கும் வடிகட்டும் தொட்டியில்) சில வாரம் ஊறவைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டுகள். மணலும் பாறையும் போடாதீர்கள். ஸ்பாஞ்ச் ஊற நேரமில்லாத அவசரத்தில் தினமும் அம்மோனியாவைப் பார்த்துத் தண்ணீரை மாற்றுங்கள். செம்பு கலந்த நீரில் அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைச் சேர்க்காதீர்கள். சில வகைச் செம்போடு சேர்ந்து அவை மீனுக்கே நஞ்சாகின்றன.

செம்பு மருந்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எல்லாச் செம்பும் ஒன்றல்ல. பிணைப்பில்லாத செம்பு என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை. பிணைக்கப்பட்ட வகைக்கு 2.0 முதல் 2.5 வரை, இடைப்பட்ட சில தயாரிப்புகளுக்கு 0.5. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போட்டால் மீன் சாகும், அல்லது ஒட்டுண்ணி பிழைக்கும். பாட்டிலில் வகையும் இலக்கு அளவும் அச்சிடப்படாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். அந்த வகையை அளக்கும் சோதனைப் பெட்டியையும் சேர்த்து வாங்குங்கள். எல்லாப் பெட்டியும் எல்லாச் செம்பையும் சரியாகக் காட்டாது. இரண்டு மூன்று நாளில் மெல்ல அளவை ஏற்றி, பிறகு 30 நாள் குறையாமல் வைத்திருங்கள். இடையில் ஒரு நாள் இறங்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

செம்பைக் கையாளத் தயக்கமாக இருந்தால், உப்படர்த்தியை (நன்னீரை 1 என்று வைத்து அளக்கும் நீரின் அடர்த்தி) 1.009க்கு இறக்கி ஒரு மாதம் வைப்பது இன்னொரு வழி. அதற்கு அளவுதிருத்தம் செய்த ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி) வேண்டும். மிதவை அளவியை நம்பி இதைச் செய்யாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. புள்ளிகள் மாவு தூவியதுபோல மிக நுண்ணியதாக இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கி, நீரோட்டத்தின் முகத்தில் போய் நின்றால் அது வெல்வெட் நோய். இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலிசெய்யும். உப்பைக் குறைப்பது அதற்கு உதவாது; அன்றே செம்பைத் தொடங்குங்கள். கோமாளி மீனின் உடம்பிலிருந்து சளி தகடு தகடாக உரிந்தால் அது ப்ரூக்லினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி; அதற்குச் செம்பு போதாது, ஃபார்மலின் வேண்டும். புள்ளியைப் படம் பிடித்து உறுதிசெய்துகொண்ட பிறகே மருந்துக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: துப்புரவு மீனும் துப்புரவு இறாலும் ஒட்டுண்ணியைத் தின்றுவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இந்த நோய்க்காக வேண்டாம். துப்புரவு மீன் கடலில் தின்பது மீன்மேல் ஏறும் சிறு கணுக்காலிகளை. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியோ தோலுக்கு அடியில் இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் அந்த மீன் பெரும்பாலும் பட்டினியால் இறக்கிறது. கொண்டுவந்து கொல்வதற்குக் காசு கொடுக்க மனம் வரக்கூடாது.

கேள்வி: வாங்கிய மீன் இரண்டே நாளில் இறந்துவிட்டது. "உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை" என்று பில்லில் அச்சிட்டிருக்கிறார்கள். கேட்க உரிமை உண்டா?

பதில்: உண்டு. அந்த ஒரு வரியால் சட்டத்தின் கதவு மூடிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் கொடுக்க மறுப்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறையாகச் சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

ஆனால் விற்றபோதே மீனுக்கு நோய் இருந்தது என்று காட்டுவது கடினம். "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்று கடைக்காரர் சொல்வார். அதனால் பில், கடைத் தொட்டியில் எடுத்த காணொளி, பையைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி, அன்றைய உப்படர்த்தி, அம்மோனியா அளவுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

அதைவிட நல்ல வழி, முன்பணம் கொடுத்து மீனை ஒரு வாரம் கடையிலேயே விட்டுவைப்பது. மறுபடி போய், உங்கள் கண்முன் இரை போடச் சொல்லுங்கள். "உங்கள் தண்ணீரில் செம்பு ஓடுகிறதா, உப்படர்த்தி எவ்வளவு?" என்று கேளுங்கள். குறைந்த அளவு செம்பில் வைத்த மீன் கடையில் பளிச்சென்று இருக்கும். உங்கள் தொட்டிக்கு வந்தபின் புள்ளி போடும். நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கேள்வி: புதிய மீன் எதுவுமே வாங்கவில்லை, பவளத் துண்டு மட்டும் வாங்கினேன். எப்படி நோய் வந்தது?

பதில்: மீன் இருந்த தொட்டியிலிருந்து வந்த பவளத்தின் அடிக்கல்லிலும் நத்தை ஓட்டிலும் கூடுகள் ஒட்டிக்கொண்டு வரும். மருந்தில் முக்கி எடுப்பதால் அவை சாவதில்லை. அவற்றையும் மீனில்லாத தனித் தொட்டியில் 76 நாள் வையுங்கள். மன்னார் வளைகுடாப் பவளமும் அதிலிருந்து எடுத்த பாறையும் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ன்படி அதை விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.