பாலைவன எட்சிங்கை எப்படிப் பார்ப்பது? கேள்வி பதில்

கேள்வி: ஒரு பாலைவன எட்சிங் வாங்கினேன். முக்கால்வாசி வெறும் தாள்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. அந்த வெறும் தாள்தான் வெயில். எட்சிங் என்பது உலோகத் தகட்டிலிருந்து தாளில் எடுக்கும் அச்சுப்படம். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் தங்கும் மைதான் தாளில் கோடாக ஏறும். மணல்வெளி முழுக்கக் கோடு இழுத்தால் உழுத வயலாகிவிடும். ஒரு முள்செடி, அதன் காலடியில் குட்டையாக ஒரு நிழல், அவ்வளவு போதும், உச்சிப்பொழுது வந்துவிடும். படத்தில் முதலில் நிழலின் நீளத்தைப் பாருங்கள்.

கேள்வி: தூரத்து மலை மங்கலாக இருக்கிறது. தகடு தேய்ந்துவிட்டதா?

பதில்: தேய்ந்திருந்தால் முன்னால் உள்ள பாறையும் வெளிறியிருக்கும். மலைக்கோடுகள் கொஞ்சம் அரித்ததும் தகட்டை வெளியே எடுத்து, அவற்றை மட்டும் வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி அமிலத்தில் இறக்குவார்கள். பாறைக்கோடு கடைசிவரை ஊறி ஆழமாகும். உண்மையில் வறண்ட காற்றில் தூரத்து மலை பளிச்சென்று கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். மங்கலாக்கியது கலைஞரின் முடிவு. எனக்கு என்னவோ, மலையைத் துல்லியமாக விட்ட படங்களில்தான் தனிமை அதிகம் உறைக்கிறது.

கேள்வி: சில கோடுகளின் ஓரம் வெல்வெட் மாதிரி கசிந்திருக்கிறதே?

பதில்: அது டிரைபாயின்ட். அமிலம் இல்லாமல் ஊசியால் நேரே உலோகத்தைக் கீறும்போது ஓரத்தில் பிசிறு எழும்பும்; அது மையைப் பிடித்துக்கொள்ளும். சில பத்துப் பிரதிகளுக்குள் அழுந்தித் தேய்ந்துவிடும் என்பதால் முதல் பிரதிகளுக்கு மவுசு அதிகம். அந்தப் பிசிறுக்கு ஆங்கிலத்தில் ‘பர்’ என்று பெயர். அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தை 35 படங்கள் கொண்ட தொகுப்பாக அச்சிட்டவர் பெயரும் ஜார்ஜ் எல்பர்ட் பர் (1859–1939)! தற்செயல்தான். டிரைபாயின்ட்டும் அவருக்குக் கைவந்த வேலை.

கேள்வி: வானத்தில் கோடே இல்லை, ஆனால் சாம்பல் நிறம்?

பதில்: லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடிப்பொடியாகத் தெரிந்தால் அக்வாடின்ட். பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து அரித்தது. பொடி இல்லாமல் புகைபோல இருந்தால், தகட்டைத் துடைக்கும்போது வேண்டுமென்றே விட்ட மைப்படலம். அது பிரதிக்குப் பிரதி மாறும். ஒரே தகட்டில் ஒன்று விடியலாகவும் இன்னொன்று புழுதிக்காற்றாகவும் வரும்.

கேள்வி: எங்கே மாட்டலாம்?

பதில்: வெயில் படாத சுவரில். பாலைவனப் படமாக இருந்தாலும் தாள் தாள்தானே.